ஈரப் படங்கு

பன்னிரண்டாவது உதைக்கும் வண்டி ஓர் இருமல்கூட இருமவில்லை. மத்தேயு கிக்கரிலிருந்து காலை இறக்கி, ஹேண்டிலைப் பிடித்தபடியே மூச்சு வாங்கினான். வாயிலிருந்து வந்த ஆவி டேங்க்கின் மேல் படர்ந்து மறைந்தது. விடிந்தும் விடியாத நேரம். நமுனுகுல மலை இருக்கிற திசையில் மலையே இல்லை. லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கிற தேயிலைகூட மூன்றாவது நிரையோடு முடிந்துபோயிருந்தது, அதற்கப்பால் எல்லாம் மூட்டம். தை மாதத்துக் குளிர். ஐம்பத்தெட்டு வயது முழங்காலுக்குள் போக அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

ஏழரைக்குப் பதுளைக் கோயிலில் திருநாள் பூசை. அதில் முதல் வாசகம் வாசிக்கப்போவது றீட்டா, மத்தேயுவின் பெண்சாதி. முப்பத்தைந்து வருசம் கொழுந்து பறித்தவள். பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. போன வருசம்தான் நிஷாலினி டீச்சர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், பின்னேரம் தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். குழந்தைகள் உட்காருகிற குட்டிப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து றீட்டா எழுத்துப் படித்தாள். இந்தத் திருநாளுக்குத் தோட்டத்து ஆட்கள் வாசிக்கட்டும் என்று ஃபாதர் சொன்னபோது டீச்சர் கொடுத்தது அவள் பெயரைத்தான். ஏழேகாலுக்குள் வராவிட்டால் டவுனில் வேறொருவர் வாசிப்பார் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் முதல் பஸ் எட்டு மணிக்கு. லயத்தில் இருக்கிற ஒரே த்ரீவீலை சுரேஸ் நேற்றே ஹயருக்குக் கொண்டுபோய்விட்டான். பதுளைக்குப் போக முக்கால் மணி நேரமாவது வேண்டும். மிச்சம் இருந்தது இந்த வண்டிதான்.

இரட்டை சிலிண்டர் ஜப்பான் வண்டி. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பென்சனில் போகும்போது மத்தேயுவுக்கு விற்றுவிட்டுப் போனது. இருபத்தெட்டு வருசமாகிறது. அப்போது ஐந்து லயத்துக்கும் சேர்த்து பைக் என்று இருந்தது இது ஒன்றுதான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தைத் தாண்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் முறுக்குவான். கங்காணி திரும்பிப் பார்ப்பார், பெண்டுகள் சிரிப்பார்கள். மகன் சஜீவன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இதன் மேல்தான். காற்றுக்குத் தடையாக நியூஸ்பேப்பரைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு மத்தேயு ஓட்ட, பின்னால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு றீட்டா உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் இதுபோலக் கிளம்பாத காலைகளில் அவளும் கூட நிற்பாள். அவன் ப்ளக்கைக் கழற்றிக் கொடுப்பான். அவள் அடுப்புத் தணலில் காட்டி, முந்தானையில் பொதிந்து ஓடி வருவாள். சுடச்சுட மாட்டி ஓர் உதை, அவ்வளவுதான். ஒரு நாள் ப்ளக்கைத் தணலில் போட்டதை மறந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்துவிட்டாள். இரண்டு பேருமே பெரட்டுக்குப் பிந்திப்போய் அரைநாள் சம்பளத்தோடு அரைப்பேரு வாங்கிய கதை அது. சஜீவன் கொழும்புக்குப் போகும்வரைக்கும் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது சிரிக்க நேரமில்லை. சோக்கைத் திறந்து பார்த்தான், மூடிப் பார்த்தான். பெட்ரோல் குழாயை மூடி, காபரேட்டரின் அடி ஆணியைத் தளர்த்தி, பழைய மீன் டின்னில் கொஞ்சம் பிடித்தான். சுத்தமான பெட்ரோல், தண்ணீர் கலக்கவில்லை. வலது பக்க ப்ளக்கைக் கழற்றி, என்ஜினில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கையாலேயே கிக்கரை அமுக்கினான். நெருப்பு வந்தது, சோம்பலாக. இடது பக்கத்தில் அதுவும் இல்லை. ப்ளக்கின் தொப்பியைக் கவிழ்த்தபோது உள்ளங்கையில் தண்ணீர் கொட்டியது. கலங்கிய பழுப்புத் தண்ணீர். மோந்து பார்த்தான். கொழுந்து மணம்.

திரும்பிக் கொடியைப் பார்த்தான். றீட்டாவின் படங்கு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. செடியின் ஈரம் உடம்பில் படாமல் இடுப்பில் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கிற தடித்த சாக்கு. விடியக்காலையில் வெளியே வந்தபோது அது வண்டியின் மேல் கிடந்தது. யோசிக்காமல் உருவிக் கொடியில் வீசிவிட்டு உதைக்கத் தொடங்கியிருந்தான். நேற்று முழுக்கத் தூறலில் அவளோடு மலையேறி இறங்கிய படங்கு. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, படுக்கப்போகுமுன் அதைக் கொண்டுவந்து வண்டிக்குப் போர்த்தியிருக்கிறாள். போர்த்தினால் சூடு தங்கும் என்று நினைத்திருப்பாள். ராத்திரி முழுக்க அது வடிந்து வடிந்து ப்ளக்கின் தலையிலேயே இறங்கியிருக்கிறது.

முதலில் கோபம்தான் வந்தது. முப்பத்தைந்து வருசத்துப் படங்கு, அதன் ஈரம் அவளுக்குத் தெரியாதா? பிறகு வேறொன்று தோன்றியது. தெரிந்தே செய்தாளோ? மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ராத்திரிகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு உதடு அசைப்பதை அவன் பார்த்திருக்கிறான். வாசகத்தில் ஒரு பெயர் வருகிறதாம், பாதியிலேயே நாக்கு மாட்டிக்கொள்கிறதாம்.

பக்கத்துக் காம்பரா கனகம் பல் துலக்கியபடி வெளியே வந்தாள். பூசைக்குப் போகுமுன்னே வண்டிக்கும் ஒரு பூசையா அண்ணே என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

றீட்டா வந்தாள். கல்யாணத்துக்குக்கூடக் கட்டாத நேர்த்தியில் சேலை கட்டியிருந்தாள். வாசகப் பேப்பர் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடிந்து கையில் இருந்தது. அவன் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

“பனித் தண்ணி இறங்கியிருக்கு புள்ள” என்றான் மத்தேயு.

“பொய் சொல்லாதீங்க. அது என் படங்குத் தண்ணி.”

அவன் ப்ளக் இரண்டையும் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே அடுப்புக்குப் போனாள். அவன் தொப்பிகளைத் துணியால் துடைத்து, வாய்வைத்து ஊதி, மறுபடி துடைத்தான். அவள் ப்ளக்குகளைப் பழைய துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். இந்தத் தடவை முந்தானையில் இல்லை. மாட்டும்போது விரல் சுட்டது.

உதைத்தான். வண்டி ஒருமுறை இருமியது, புகை கக்கியது, அடங்கியது. மறுபடி உதைத்தான். இருமல்கூட இல்லை. ஃபோனை எடுத்துப் பார்த்தான், ஆறு இருபத்தைந்து.

கனகத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். “இந்தா புள்ள. வேணாம்னா விட்டுருவோம். வண்டி கிளம்பலன்னு சொல்லிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

றீட்டா கொடியில் சொட்டிக்கொண்டிருந்த படங்கைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அவன் நினைத்தான். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

“பயமாத்தாங்க இருக்கு” என்றாள். “கங்காணி கத்துனாரு, கேட்டுக்கிட்டேன். ஐயாமாரு கத்துனாங்க, கேட்டுக்கிட்டேன். அம்பத்தாறு வருசமா நாந்தான கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னைக்கி ஒரு நாளு நான் வாசிக்கிறத அவங்க கேக்கட்டும். தள்ளுவோம் வாங்க.”

லயத்துப் பாதை தண்ணீர்ப் பீலி வரைக்கும் சரிவு. அதற்குப் பிறகு ஏற்றம். பீலிக்கு முன்னால் வண்டி பிடித்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் திரும்ப மேலே ஏற்றித் தள்ள ஆளும் இல்லை, நேரமும் இல்லை. முன்பென்றால் ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இப்போது பாதிக் காம்பராக்களில் பூட்டுத் தொங்குகிறது. மத்தேயு ஏறி உட்கார்ந்து, இரண்டாம் கியரைப் போட்டு கிளச்சைப் பிடித்தான். பின்னால் கனகமும் றீட்டாவும். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு றீட்டா தள்ளினாள்.

“மதினி, திருநாளுக்குப் போறவங்க மாதிரியா இருக்கீங்க? கள்ளக் கொழுந்து கடத்துறவ மாதிரி இருக்கீங்க” என்றாள் கனகம் மூச்சிரைக்க. பல்லில் பை இருந்ததால் றீட்டாவால் திட்ட முடியவில்லை.

வண்டி உருண்டது, வேகம் பிடித்தது. பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் நெருங்கியது. கிளச்சை விட்டான். பின் சக்கரம் வழுக்கி, இழுத்து, டப்பென்று ஒரு வெடி. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வண்டி நொண்டியது. மத்தேயு மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல முறுக்கினான். பீலிக்கு நாலடி முன்னால் மற்றப் பக்கமும் விழித்துக்கொண்டது. முழுச் சத்தம். நாய் குரைத்தது. லயத்தில் இரண்டு கதவுகள் திறந்தன.

நிறுத்தினால் அணைந்துபோகும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கட்டிய புதிதில் ஓடுகிற வண்டியில் எத்தனையோ தடவை தாவியிருக்கிறாள், அப்போது அவளுக்கு எடை என்று ஒன்று இருந்ததே இல்லை. மத்தேயு பிரேக்கைத் தொடாமல், நடைவேகத்துக்குக் குறைத்து, உறுமவிட்டுக்கொண்டே போனான். பின்னால் இரண்டு பேர் ஓடிவருகிற செருப்புச் சத்தம். கனகத்தின் குரல், “ஏறுங்க மதினி, நான் பிடிச்சிருக்கேன்.” சீட் ஒருமுறை அமுங்கியது. வண்டி ஆடி, நிமிர்ந்தது. ஒரு கை அவன் வயிற்றைச் சுற்றிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

ஏற்றம் முடிந்து பெரிய ரோட்டில் திரும்பியபோது மூட்டம் இன்னும் கலையவில்லை. பத்தடி ரோடுதான் தெரிந்தது, அதைக் கடந்தால் இன்னொரு பத்தடி. ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. மணி பார்க்க அவன் அதை எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு கையை விட வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வளைவுகளில் கியரைக் குறைக்காமல், அணைந்துவிடாத அளவுக்கு முறுக்கிப் பிடித்தபடி இறங்கினான்.

முதுகுக்குப் பின்னால் அவள் வாசிக்கத் தொடங்கியிருந்தாள். பேப்பரைப் பிரித்து வைத்திருக்கிறாளா, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாளா என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. என்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்தப் பெயரைத் தாண்டிவிட்டாளா என்றும் தெரியவில்லை. ஒரு வசனம் முடிகிற இடத்தில் மட்டும் அவள் விடுகிற மூச்சு அவன் பிடரியில் சூடாகப் பட்டது. பிறகு குளிர். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சூடு.