மூன்றாவது குதிப்பும் ஏழாவதும்

பெட்டி ஒரு அடி உயரம். அதிலிருந்து இரண்டு காலாலும் குதிக்க வேண்டும். தரையில் இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் பயிற்சியாளரின் பட்டியலில் சிவப்பு, நேராக நின்றால் பச்சை. சிவப்பு விழுந்தவருக்கு மாவட்ட உதைபந்தாட்ட அணியில் இடமில்லை.

றஸீனுக்குச் சிவப்பு. பாலாவி உப்பளத்தில் அவனோடு வேலை செய்யும் இருவருக்கும் சிவப்பு. கற்பிட்டி மீனவர் ஐவருக்கும் பச்சை.

"முழங்கால் ஒருக்காப் போனா முடிஞ்சுதுடா," என்றார் பயிற்சியாளர் பதியுதீன். அவருடையது இருபத்துமூன்று வயதில் போனது. "ஒன்ட நல்லதுக்குத்தான்."

"எனக்கு ஒரு நாளும் நொந்ததில்ல சேர். திரும்பப் பாருங்க."

"என்ட கண் பொய் சொல்லுமா?"

"ஒங்கட கண் என்ட பாதத்தப் பாக்குது சேர்."

உப்புநீரில் வெடித்து வெளுத்த பாதங்கள். குதிக்கும் முன்பே உப்பளக்காரனுடையவை என்று தெரிந்துவிடும்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் றஸீன், தன்னோடு சேர்த்து எட்டுப் பேரையும் மைதானத்தில் சேர்த்தான். எல்லாருக்கும் ஒரே நிற மேஸ், பாதத்தை மூடி முழங்காலுக்குக் கீழ்வரை இழுத்துவிட்ட காலுறை. அணித் தலைவன் ஹாசிம் ஒவ்வொரு குதிப்பையும் இடுப்புக்குக் கீழே மட்டும் போனில் படம் பிடித்தான்.

பிறகு வந்த பதியுதீன் கதிரையில் அமர்ந்து, ஹாசிம் போனில் ஒவ்வொன்றாகக் காட்டிய படங்களைப் பார்த்தார்.

"முகமில்லாட்டி எல்லாம் கொக்குக் கால்தான்டா."

ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு நிறம் எழுதினார். கடைசியில் நிமிர்ந்தார்.

"எட்டுப் பேருக்கு ஒம்பது எப்பிடி?"

"மூணாவது என்ன போட்டீங்க சேர்?" என்றான் றஸீன்.

"சிவப்பு."

"ஏழாவது?"

"பச்சை."

"ரெண்டும் ஒரே படம் சேர். என்ட குதிப்பு."

பதியுதீன் போனை வாங்கினார். மூன்றாவதைப் போட்டார். ஏழாவதைப் போட்டார். வலது மேஸில் அதே சேற்றுப் பொட்டு. ஹாசிம் ஆட்களின் வரிசையைச் சொல்ல, மீனவர் இருவருக்கு இன்று சிவப்பு போட்டிருந்ததையும் கண்டார்.

"அப்ப ஒன்ட முழங்கால் நல்லமா, இல்லயா?"

"எனக்குத் தெரியா சேர். ஒங்களுக்கும் தெரியா."

ஹாசிம் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினான்.

பதியுதீன் நேற்றைய பட்டியலை நான்காகக் கிழித்தார்.

"ஒருத்தரையும் இதால கழிக்கேலா. ஆட்டத்தப் பாத்துத்தான் எடுப்பன். ஆனா முழங்காலுக்குரிய பயிற்சி எட்டுப் பேருக்கும். ஒவ்வொரு நாளும். ஆரும் முணுமுணுக்கப்படாது."

றஸீன் மேஸைக் கழற்றினான். வெறுங்காலோடு முதலில் பெட்டியில் ஏறினான்.

"முழங்கால் விரலுக்கு நேரே வரோணும்," என்றார் பதியுதீன். "குதி."