எதிரி

உடலைக் கிடத்த அவள் முன்னறையைக் காலி செய்து, நாற்காலிகளை வாசலுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரி வந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

அவளுக்குப் புதுமுகம். பழைய அதிகாரி என்றால் "எதிரி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். சின்னப் படகு பாய்ந்து வந்தால் போர்க்கப்பலை எப்படிக் காப்பது என்று பழக, எதிரியாக நடிக்க ஒரு ஆள் வேண்டுமே. பல வருஷமாக அந்த எதிரி அவள் புருஷன்தான். ஊரும் அப்படியே கூப்பிட்டது. கடைத்தெருவில் அவள் எதிரி பொண்டாட்டி.

"வழக்கமான கப்பல் பழுதாயிடுச்சும்மா. பதிலுக்குக் காலைல நாங்க வந்தோம். ஒத்திகைன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. மைக்ல எச்சரிச்சோம். தண்ணியில சுட்டோம். அவர் இன்னும் வேகமா வந்தார்."

வருவான். அதுதானே அவன் வேலை. கடைசி நொடியில் படகைத் திருப்பி, பல்லைக் காட்டிக் கையாட்டுவான். "அப்பதான் பசங்களுக்குப் பதற்றம் பழகும்" என்பான்.

"ஒத்திகைப் படகுன்னா ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கணும்" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்தபடி. "இருந்திருந்தா சுட்டிருக்கவே மாட்டோம். கொடி எங்கம்மா?"

டீசல் நாற்றம் குடலைப் புரட்டுகிறதென்று அன்று விடியற்காலையில் அவள்தான் அதைத் துவைத்துப் போட்டாள். அவன் கிளம்பும்போது சொட்டச் சொட்ட ஈரம்.

"ஈரத்தோடயே எடுத்துட்டுப் போங்க."

"நனைஞ்ச கொடி எங்கடி பறக்கும்? கொடி கொடியிலயே காயட்டும். அந்தக் கப்பல்ல என் மூஞ்சி தெரியாதவன் எவன் இருக்கான்?"

சிரித்துக்கொண்டேதான் இறங்கிப் போனான்.

சுட்டவனைத் திட்டித் தீர்க்கலாம் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். இப்போது ஆள் எதிரிலேயே நிற்கிறான். யாரைத் திட்டுவது?

"தொலைஞ்சு போச்சாம்மா?"

அவள் அடுத்த நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்ததால், வீட்டுக்குப் பின்னால் காய்ந்த துணிகளை நாத்தனார் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

"கொடியில கெடந்தத எல்லாம் எடுத்துட்டேன் அண்ணி. எங்க வைக்கட்டும்?"

அவன் சட்டைகளுக்கு மேலே ஆரஞ்சுத் துணி கிடந்தது. மொடமொடவென்று நன்றாகக் காய்ந்திருந்தது.