ஞாயிற்றுக்கிழமை வந்த சனிக்கிழமை

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாரம் முழுக்க மிட்டாயைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் என் கடைக்கு வந்து, தொட்டி தொட்டியாக இருக்கும் மிட்டாயைக் காகிதப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஸ்வீடன் முழுக்க இதுதான் வழக்கம். இதில் யாரும் குறை கண்டதில்லை, எடைபோட்டுக் கொடுக்கும் நான் உட்பட.

வம்பு என்னவென்றால், இளையோர் பனிச்சறுக்குத் தொடரோட்டமும் சனிக்கிழமை காலையில்தான் நடக்கும். பிள்ளைகள் போகிற வழியிலேயே பையைக் காலி செய்துவிட்டுப் பந்தயத்தில் இறங்குவார்கள். கடைசிச் சுற்றில் ஓடும் டைரா, மூன்று வருடமாகச் சர்ச் மேட்டில் பாதியிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் வாந்தியும் எடுத்தாள். வெள்ளைப் பனியில் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது அத்தனையும் என் கடைச் சரக்கு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏரிக்கு அக்கரை ஊர்க்காரர்கள் எங்களுக்கு ‘மிட்டாய்ப் பட்டாளம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"இந்த வருஷமும் மேட்டுல உக்காந்துட்டேன்னா, சறுக்குக்கட்டைய அடுப்புல வெச்சிருவேன், பெரிட்டக்கா," என்றாள் டைரா. பதினேழு வயது. சொன்னால் செய்கிறவள்.

பந்தய நாள் காலையில் பிள்ளைகள் வந்தபோது தொட்டிகளைப் போர்வை போட்டு மூடியிருந்தேன். மேலே ஒரு அட்டை: ‘இந்த வாரம் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை வரும்.’

"இது அநியாயம்க்கா," என்றான் மால்ட்டே, மூன்றாம் சுற்று ஓடுகிறவன். "ராஜாவே வந்தாலும் சனிக்கிழமைய மாத்த முடியாது."

"ராஜா கடை வெச்சிருக்காரா? நான் வெச்சிருக்கேன். உக்காருடா."

ஓட்ஸ் கஞ்சியும் அவித்த முட்டையும் வைத்தேன்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்றான் மால்ட்டே.

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

"வாய மூடிக்கிட்டு எப்பிடித் திங்கிறது?"

டைரா மட்டும் இரண்டு கிண்ணம் காலி செய்தாள்.

நான் சர்ச் மேட்டில் போய் நின்றுகொண்டேன். அக்கரை ஊர் நில்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். "என்ன பெரிட், உங்க ஊர்ப் பொண்ணு உக்கார நாற்காலி கொண்டாந்தியா?"

நான் பந்தயப் பாதையைப் பார்த்தேன். மால்ட்டே மூன்றாம் இடத்தில் வந்து டைராவின் தோளைத் தட்டிவிட்டிருந்தான். மேட்டின் அடியிலேயே அவள் ஒருத்தியை முந்திவிட்டாள். இப்போது முன்னால் அக்கரை ஊர்ப் பெண் மட்டும்தான். வழக்கமாக உட்காரும் அந்த இடம் வந்ததும் டைராவின் வேகம் குறைந்தது. பாழாய்ப்போன கஞ்சி, எல்லாம் என் தப்பு என்று நினைத்தேன்.

அவள் அந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். சறுக்குக்கோல்களை ஓங்கி ஊன்றினாள். அவ்வளவுதான், மேட்டின் உச்சியில் அக்கரைப் பெண் பின்னால் இருந்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது டைரா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில் நான் முழங்கால் பனியில் குதித்தேன். இவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"நாற்காலி வேணுமா நில்ஸ்? நீ உக்காந்துக்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பதினோரு மணி வரை ஈ, காக்கை இல்லை. மதியம் கடை வாசலில் ஒரே சத்தம். டைரா, மால்ட்டே, கூடவே அதுவரை சறுக்குக்கட்டையைத் தொட்டே பார்க்காத ஏழெட்டுப் பொடிசுகள். காலையிலிருந்து அந்த மேட்டில்தான் ஏறி இறங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கன்னம் சிவந்திருந்தது.

"சனிக்கிழமை வந்திருச்சாக்கா?" என்றாள் டைரா.

"வந்திருச்சு. அள்ளிக்குங்க."

தொட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள். "அது எங்க போயிரப்போகுது. பசி உயிர் போகுது, மொதல்ல கஞ்சி வைங்க."

முதல் கிண்ணத்தை நீட்டியது மால்ட்டே.