முந்திக்கொண்ட நல்ல சேதி

வேலை தேட ஓர் ஆண்டு தங்கலாம் என்று ஜெர்மன்காரர்கள் நூர்ஸாத்துக்குக் கொடுத்த அட்டையில் இன்னும் இருபத்து மூன்று நாள்தான் பாக்கி. அதற்குள் வேலை அமையாவிட்டால் சொந்த ஊரான கரகோலுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். வெறுங்கையோடு போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று பதினோரு மாதமாக அவளுக்கு ஒரே கவலை.

நானும் கரகோல்காரிதான். இந்த லைப்சிக் நகரில் ஆறு வருடமாக டிராம் ஓட்டுகிறேன். அவள் தங்கியிருந்தது என் வீட்டில். குளிர்சாதன எந்திரங்களைப் பழுது பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒரு பட்டறையில் ஒரு வாரம் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மாலை முதலாளியம்மா வெண்ட்ரிஷ், "செவ்வாய்க்கிழமை முடிவு சொல்றேன்" என்று சிரித்தாளாம்.

ஜெர்மன் முதலாளி சிரித்துவிட்டாள் என்றால் வேறென்ன வேண்டும்? எங்களில் நல்ல சேதியை முதலில் கொண்டுவருபவர் "சூயுன்ச்சு!" என்று கூவினால், கேட்பவர் பரிசு கொடுத்தே ஆக வேண்டும். நூர்ஸாத் ஊரிலுள்ள தன் அண்ணியிடம் சொல்லி, அந்த அண்ணி முந்திவிடுவாளோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூர்ஸாத் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கலிச்சா பெரியம்மா, சூயுன்ச்சு!"

"என்னடி, வேலை கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு!"

"அந்தச் சிவப்புக் கம்பளம் உனக்குத்தான்டி!"

அந்தக் கம்பளத்தின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். பொய் சொன்னதாகவே தோன்றவில்லை, நாலு நாள் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

மறுநாள் என் போன் நிறையப் படங்கள். ஆடு வெட்டி, தெருவையே கூப்பிட்டு, நாற்பது பேர் பந்தியில். நூர்ஸாத் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன?"

"விருந்து."

"எதுக்கு?"

"உனக்கு வேலை கெடைச்சதுக்கு."

"எப்பக் கெடைச்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்குச் சனிக்கிழமை, அக்கா!"

அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுத முடியாது. எனக்கு வேண்டியதுதான். பேசி ஓய்ந்ததும் அவளே ஊருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வேலை இன்னும் கெடைக்கலம்மா. இந்த அக்கா புளுகிட்டா."

"தெரியும்டி. கெடைச்சிருந்தா நீயில்ல மொதல்ல கூப்பிட்டிருப்ப?"

"தெரிஞ்சுமா ஆட்டை வெட்டின?"

"வேலை கெடைச்சாச் சந்தோஷம். கெடைக்கலைன்னா எம்மவ வீட்டுக்கு வர்றா. இதுல எதுக்காகடி நான் ஆட்டை வெட்டாம இருக்கணும்?"

நூர்ஸாத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பதினோரு மாத அழுகை. நானும் சேர்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு இருவரும் ஒரு பானை நூடுல்ஸைக் காலி செய்தோம்.

செவ்வாய்க்கிழமை கடைசி நிறுத்தத்தில் டிராமை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கறைச் சட்டையோடு அவள் ஓடி வந்தாள். கையில் நான்கு பக்க ஒப்பந்தம், கையெழுத்தோடு. கட்டிப்பிடித்ததில் என் தேநீர் முழுவதும் என் சீருடையில். எனக்கும் தலைகால் புரியவில்லை. உடனே அவள் ஊருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, சூயுன்ச்சு!"

"போடி இவளே, பழைய சேதிக்கு யாராவது பரிசு குடுப்பாங்களா?" என்றாள் பெரியம்மா. ஆனால் குரல் உடைந்திருந்தது. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "லீவு எத்தன நாள்டி?"

சம்பளம் எவ்வளவு என்றுகூடச் சரியாகப் பார்க்காத நூர்ஸாத், மூன்றாம் பக்கத்தில் விரலை ஓட்டித் தேடினாள். "வருஷத்துக்கு முப்பது நாள்மா!"

மறுமுனையில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு பக்கத்து வீட்டு வேலியருகே பெரியம்மாவின் கூவல்: "சூயுன்ச்சு! எம்மவ வர்றா!"

வருகிறேன் என்று நூர்ஸாத் இன்னும் சொல்லவேயில்லை.