வாடிப்பட்டி வழியாக வந்த அரிசி

கீழமாசி வீதியில் வாங்கிய அரிசி தெற்குவாசலுக்கு வந்து சேர அரை மணி நேரம் தாராளம். நல்லகாமன் வீட்டு அரிசிக்கு மட்டும் முக்கால் நாள் பிடிக்கும். அது முதலில் ஆரப்பாளையம் போகும். அங்கே வண்டி அவிழ்த்துவிடும் இடத்தில் இளைப்பாறி, கடைச் சாக்கைக் களைந்துவிட்டு ஊர்ப் புழுதி படிந்த பழைய சாக்குக்கு மாறும். பொழுது சாயும் நேரத்தில், பல குடித்தனம் உள்ள வளவில் எல்லாரும் முற்றத்தில் இருக்கும் சமயமாகப் பார்த்து, இரட்டை மாட்டு வண்டியில் மணி குலுங்க வந்து இறங்கும்.

"ஊர்லேருந்து வந்துருச்சா? சொன்னா எங்க கேக்குறாங்ய, அனுப்பிக்கிட்டே இருக்காங்ய," என்று நல்லகாமன் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும்.

இந்த யாத்திரையை நடத்திவைப்பவன் அவர் மச்சினன் காளை. அதற்கான வண்டிக் கூலியை எங்கிருந்து எடுப்பது என்பது அவர் மனைவி ரெங்கம்மாளின் பாடு. பஞ்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நல்லகாமன், சம்பளத்தை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிடுகிற உத்தமர். கொடுத்த பிறகு அதைப் பற்றி நினைப்பது கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிடுவார். வாடகை போக மிச்சத்தில் மாசச் சாமான் வாங்க வேண்டும். வண்டிக் கூலியை ரெங்கம்மாள் துவரம்பருப்பிலிருந்து எடுத்தாள். பருப்பில் எடுக்க ஒன்றும் இல்லாத மாதம் நல்லெண்ணெயிலிருந்து எடுத்தாள். மாதக் கடைசியில் அவள் வைக்கும் சாம்பாரில் முருங்கைக்காய் துணையில்லாமல் நீந்திக்கொண்டிருக்கும்.

வாடிப்பட்டிக்கு மேற்கே நல்லகாமனுக்கு வயல் இருந்தது பொய்யில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள் விருந்தும் இரண்டு செட்டு மேளமும் வைத்ததில் அது ஒத்திக்குப் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒத்திக்கு வாங்கியவர் விதைத்தார், அறுத்தார், தின்றார். நல்லகாமன் மதுரையில் உட்கார்ந்து அந்த வயலைப் பற்றிப் பேசினார்.

"கடையரிசியில என்ன ராவுத்தரே சத்து இருக்கு? வயித்தை அடைக்கும், அம்புட்டுத்தான். எங்க வம்சத்துல கடையரிசி உள்ள நொழைஞ்சதே கிடையாது," என்பார், வளவின் சொந்தக்காரர் முகைதீன் பிச்சையிடம். அவர் கீழமாசி வீதியில் கொட்டைப்பாக்கு வியாபாரி, தன்மையான மனிதர். "ஆமாமா" என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவரும் தினம் கடையரிசிதான் சாப்பிட்டார். எழுபது வயதிலும் கல்லு மாதிரி இருந்தார்.

உலகச் சண்டை வந்தது. பர்மா அரிசி நின்றது. கடைகளில் அரிசி இருந்த இடத்தில் கடைக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டு கொடுக்கப்போவதாகச் சொல்லி, கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வளவுக்குள் வந்தார். முற்றத்தில் நின்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், நல்லகாமனிடம், "சொந்த நெல்லு ஏதும் வருமா?" என்றார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் முகைதீன் பிச்சை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வருமாவா?" என்று சிரித்தார் நல்லகாமன். "எழுதிக்கங்க சார். நமக்குச் சர்க்கார் அரிசி எதுக்கு? இல்லாத ஏழைபாழைகளுக்குக் குடுங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற ரெங்கம்மாள் இருமினாள். இன்னொரு தரம் இருமினாள். "கஷாயம் வச்சுக் குடி," என்றார் நல்லகாமன், திரும்பாமலே.

கார்டு வந்தது. சீனி உண்டு, மண்ணெண்ணெய் உண்டு. அரிசிக்கு நேரே ஒரு கோடு.

அதற்குப் பிறகு ரெங்கம்மாள் கணக்குப் போடுவதை விட்டுவிட்டாள். கூட்டினாலும் கழித்தாலும் அரிசி வாங்கினால் வேறொன்றும் வாங்க முடியாது என்றே வந்தது. காளை எங்கெங்கோ போய், கொல்லைப்புறக் கதவுகளைத் தட்டி, யானை விலை கொடுத்து நொய்யும் குருணையும் வாங்கி வந்தான். அதுவும் ஆரப்பாளையம் போய்த்தான் வந்தது.

"இந்த வண்டிக் கூலியவாவது நிறுத்தச் சொல்லுக்கா," என்றான் காளை.

"நீயே சொல்லேன்டா."

"மச்சான்கிட்டயா? நான் வாரேன்," என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

அவள் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, வயலு ஒத்தியில கெடக்குன்னு ஒரு மனு எழுதிப் போட்டா அரிசி போடுவாகளாம்."

"மனுவா? நாளைக்கு ஆபீசுல என்ன நினைப்பான்? நம்ம கைப்பட நமக்கு வயலு இல்லேன்னு எழுதச் சொல்றியா?"

"பிள்ளைகளுக்கு ராத்திரி கேப்பைக் கூழுதான்."

"கேப்பையில இரும்புச் சத்து," என்றார் நல்லகாமன். அவருக்கு வைத்த சோற்றை அவர் சாப்பிட்டு முடித்திருந்தார்.

இப்படி மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சப்ளை இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை ஒரு சேவகனோடு வளவுக்குள் வந்தார். பெயரில் மட்டும் வெள்ளை; மற்றபடி நம்மவர்தான். இன்ஸ்பெக்டர் தன்னைத் தேடி வந்ததில் நல்லகாமனுக்குப் பரம சந்தோஷம். முற்றத்தில் நாற்காலி போட்டார். முகைதீன் பிச்சையையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒங்களுக்கு வாடிப்பட்டியிலேருந்து மாசாமாசம் வண்டியில அரிசி வருதாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வருது சார். தலைமுறை தலைமுறையா வருது."

"எம்புட்டு வருது?"

ஒரு மூட்டை என்று சொல்லியிருக்கலாம். "அதையெல்லாம் யாரு சார் எண்ணிக்கிட்டு? வரும், போகும்," என்றார் நல்லகாமன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "பெர்மிட் இருக்கா?"

"நம்ம வயலு அரிசி நம்ம வீட்டுக்கு வர எதுக்கு சார் பெர்மிட்டு?"

"இப்ப சட்டம் அப்படி. பெர்மிட் இல்லாம டவுனுக்குள்ள கொண்டாந்தா கேசு. இருக்கிற அரிசியச் சர்க்கார் எடுத்துக்கிரும். கார்டையும் வாங்கிருவோம். எங்க வச்சிருக்கீங்க?"

நல்லகாமனின் முகம் வெளுத்ததை ரெங்கம்மாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். ஆனால் அந்த முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, வேறு ஏதோ ஒன்று ஊறுவதையும் பார்த்தாள். அந்தக் காலத்தில் பதுக்கல் கேசு என்பது பெரிய மண்டிக்காரர்களுக்கும் மிராசுதார்களுக்கும் மட்டுமே வாய்த்தது.

"வசதியா இருந்தாலே இந்தச் சோதனையெல்லாம் வரத்தான் செய்யும், என்ன ராவுத்தரே?" என்றார் நல்லகாமன்.

ரெங்கம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபம் வரவில்லை. கோபப்படவும் வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும். சீனியும் மண்ணெண்ணெயும்கூடப் போய்விடும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"சார், உள்ள வந்து குலுக்கையப் பாருங்க," என்றாள்.

"ரெங்கம்மா, நீ உள்ள போ."

"குலுக்கையும் உள்ளதான் இருக்கு. நீங்களும் வாங்க."

நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மண் குலுக்கை அது. ஊரிலிருந்து உண்மையாகவே வண்டியில் வந்த பொருள் அது ஒன்றுதான். சேவகன் முக்காலி போட்டு ஏறி உள்ளே கையை விட்டான். தென்னம்பாளை வந்தது. சிரட்டை வந்தது. பிறகு ஒரு கந்தல் பாயை இழுத்துப் போட்டுவிட்டுத் தும்மினான்.

"அரிசி எங்கம்மா?"

"நானும் அதைத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன். வயலு ஒத்திக்குப் போயி ஒம்பது வருசமாச்சு. இங்க வந்தது அம்புட்டும் கடையரிசி."

"பதுக்குறவுக வீட்டுப் பொம்பளைக எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாக."

அப்போது வாசல்படியில் வந்து நின்ற முகைதீன் பிச்சை தொண்டையைச் செருமினார். யாருக்கோ சாவுச் சேதி சொல்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தப் புள்ள சொல்றது வாஸ்தவம் சார். எங்க கடைக்கு எதுத்த கடையிலதான் காளை அரிசி வாங்குவான். நாலஞ்சு வருசமா நான் பாக்குறேன். மூட்டையத் தூக்கிவிட ஆள் இல்லேன்னா எங்க பசங்கதான் தூக்கிவிடுவாங்க."

முற்றத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் நல்லகாமனால் தாங்க முடியாததாக இருந்தது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. "வளவு பூராத்துக்கும் தெரியும் புள்ள," என்றாள் ராவுத்தர் சம்சாரம் அஜ்மல் பீவி, ஆறுதலாக. "ஒம் புருசன் சந்தோசத்த நாம எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தோம்."

இன்ஸ்பெக்டருக்குத்தான் புரியவில்லை. "அப்ப வண்டி எதுக்கும்மா?"

ரெங்கம்மாள் யோசித்தாள். சர்க்கார் சம்பளம் வாங்குகிற மனிதருக்கு இதை எப்படி விளக்குவது? "அது ஒரு வழக்கம் சார்," என்றாள்.

நல்ல கேசு ஒன்று நழுவிப் போன வருத்தத்தோடு வெள்ளைத்துரை, சொந்த நெல் இல்லை என்று புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கார்டில் கோடு இருந்த இடத்தில் அரிசி வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்த அரிசி; ஒரு கைப்பிடி கூடுதலாக வராது. கல்லும் நெல்லும் போகக் கொஞ்சம் குறையவும் செய்யும். அதற்கும் காலையிலிருந்து உச்சிவெயில் வரை வரிசையில் நிற்கவேண்டும். ரெங்கம்மாள் நின்றாள். வந்து கல் பொறுக்கினாள். உலை வைத்தாள்.

"எனக்குச் சோறு வேணாம்," என்றார் நல்லகாமன், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. மானம் போன அன்றிலிருந்து அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. இப்போதுதான் ரேஷன் அரிசியை உத்தேசித்து வாயைத் திறந்தார்.

இதற்கு ஒரு முறை உண்டு. புருஷன் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்றால், பெண்டாட்டி மூன்று தரம் கூப்பிடவேண்டும். முதல் தரம் அவர் காது கேட்காதவராக இருப்பார். இரண்டாம் தரம் ஏசுவார். மூன்றாம் தரம் பிள்ளைகள் முகத்துக்காக எழுந்து வருவார். கல்யாணமான நாளிலிருந்து ரெங்கம்மாள் இதில் ஒரு தரம்கூடக் குறைத்ததில்லை.

அன்றைக்கு ஒரு தரம் கூப்பிட்டாள். அடுத்த தரம் கூப்பிட வாயைத் திறந்தபோது, அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தானும் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் உலை வைக்கும்போது அவருடைய அரிசியை அளக்கவில்லை. வேண்டாம் என்ற மனிதருக்கு அளந்து கொட்டினால் மாசக் கடைசியை எப்படிப் பார்ப்பது?

மத்தியானம் போனது. பொழுது அடங்குகிற நேரத்தில், ரெங்கம்மாள் வட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது நல்லகாமன் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சட்டியில இருக்கா?"

"இல்லீங்க. நீங்க வேணாம்னீக."

அவர் நம்பாமல் சட்டியை எட்டிப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் தன் வட்டிலில் பாதியை ஒதுக்கி நகர்த்திவிட்டு, நீராகாரச் செம்பை எடுத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கடையரிசியா, சர்க்கார் அரிசியா என்று கேட்கவில்லை. ஒரு கல்லைக் கடித்தார், அதையும் விழுங்கினார்.

"ராவுத்தர் என்னமும் சொன்னாரா?" என்றார், வட்டிலை வழித்துக்கொண்டே.

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான். வளவுல என்ன பேசிக்கிறாக?"

"ஒண்ணும் பேசலையே. கிணத்துல தண்ணி எறங்கிருச்சாம், அதைத்தான் பேசுறாக."

"ஒண்ணுமே பேசலையா?" என்றார் நல்லகாமன்.

ரெங்கம்மாள் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினாள். இரண்டு பாதமும் பொம்மென்று வீங்கியிருந்தன. "நாளைக்கு மண்ணெண்ணெய் போடுறாகளாம். என்னால நிக்க முடியாது. நீங்கதான் வரிசைக்குப் போகணும்."

"நானா? மில்லு ஆளுக பூரா அங்கதான நிப்பாங்ய?"

"ஆமா. முன்னாடியே போனா நிழல்ல எடம் கெடைக்கும்."

நல்லகாமன் வெறும் வட்டிலை மறுபடி மறுபடி வழித்தார். "துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போனா யாருன்னு தெரியாதுல்ல?" என்றார் கடைசியாக.

அவள் சாய்ந்த வாக்கிலேயே தூங்கிப் போயிருந்தாள்.