சண்டைக்கு நடுவே சோப்புத்தூள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கதை எழுதுவதில் ஒரு வசதி உண்டு. உள்ளே பல் குடையும் மோட்டார் கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் வெளியே வரமாட்டார்கள். சத்தம் நின்றால் டாக்டர் எட்டிப் பார்ப்பார். அதற்குள் கதையை மறைத்துவிட்டு நோயாளிகளின் பட்டியலைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். இதில் அவள் தேர்ந்துவிட்டாள். கதையில்தான் இன்னும் தேறவில்லை. எழுதியது எதுவும் அதுவரை அச்சேறியதில்லை.

பத்திரிகை ஆசிரியை ஒவ்வொரு கதையையும் இரண்டு வரிக் குறிப்போடு திருப்பி அனுப்புவார். இந்த முறை தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"கதை பரவாயில்ல. ஆனா அந்தப் புருஷன் பொண்டாட்டி சண்டை இருக்கே, ரெண்டு பேரும் மைக் புடிச்சுப் பேசற மாதிரி இருக்கு. 'உன் மௌனம் ஒரு சுவரைப்போல என்னைச் சூழ்ந்திருக்கிறது'ன்னு எந்த வீட்லம்மா சொல்றாங்க? மூக்குச் சிந்தாம ஒரு சண்டையா? சரிபண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. அடுத்த இதழ்ல ஒரு இடம் வச்சிருக்கேன். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கதையிலேயே உருப்படியான வரி அதுதான் என்று நினைத்திருந்தாள். நூலகத்திலிருந்து அவள் கொண்டுவந்து படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லோரும் ஜன்னலோரம் நின்று, மழையைப் பார்த்தபடி, இப்படித்தான் பேசினார்கள். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அடுப்பில் எதுவும் தீயாது.

வீட்டில் அவளுக்கு ஒரே வாசகன், கணவன். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, விரல் இடுக்கில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, "எங்க, எழுத்தாளரம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று கை நீட்டுவான். தாள்களோடு பால்கனிக்குப் போவான். திரும்பி வந்து "பிரமாதம்" என்பான். எல்லாக் கதைகளுக்கும் அதே பிரமாதம்.

"அக்கா, நீ சலவைத் துணி லிஸ்ட்டக் குடுத்தாலும் மாமா பிரமாதம்னுதான் சொல்லுவார்" என்று அவள் தம்பி ஒருநாள் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் மனதில் அது முள்ளாக நின்றுவிட்டது.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆறாவது பக்கத்தில், சண்டை உச்சத்தில் இருக்கும்போது, கதாநாயகி வாயில் ஒரு வரியைச் செருகினாள்: "சோப்புத்தூள் தீந்துபோச்சு. வர்ற வழியில வாங்கிட்டு வாங்க."

கணவன் பால்கனிக்குப் போனான். திரும்பி வந்தான்.

"பிரமாதம். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"எந்த இடத்துல?"

"அது... கடைசில."

மறுநாள் வெறுங்கையோடு வந்தான். வீட்டிலும் சோப்புத்தூள் நிஜமாகவே தீர்ந்திருந்தது. வாளியில் ஊறவேண்டிய துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் கால் வைக்க இடமில்லை. கன்னம் வீங்கியவர்கள், கட்டிய பல் கழன்று விழுந்தவர்கள், பயத்தில் வாயைத் திறக்க மறுக்கிறவர்கள். டாக்டர் வேறு "ஏம்மா, அடுத்த ஆளு, அடுத்த ஆளு" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் சண்டையில் இருந்த வாக்கியங்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுவிட்டு, படித்துப் பார்க்காமலே அனுப்பினாள். சாயங்காலம் செருப்பை மாட்டும்போதுதான் தலையில் இடி விழுந்ததுபோல ஞாபகம் வந்தது. சோப்புத்தூளை எடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் இருக்கிற மானமும் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். திங்கட்கிழமை ஆசிரியையே கூப்பிட்டார்.

"அந்த சோப்புத்தூள் வரி!"

"மேடம், அது வந்து..."

"இத்தன நாள்ல உங்க கதைல மனுஷங்க பேசி நான் கேட்டது இதான் முதல் தடவ. மத்த வசனத்தையெல்லாம் தூக்கிப் போடுங்க. அவ அதச் சொன்னதும் அவன் என்ன சொல்றான்? அத எழுதுங்க. புதன்கிழமை வரைக்கும் இடத்தப் புடிச்சு வைக்கிறேன்."

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. கணவன் படிக்கிறானா என்று பார்ப்பதற்காகச் செருகியது, எடுக்க மறந்துபோனது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சரி, அவர் என்ன சொன்னார்?"

"அவர் படிக்கவே இல்லையே மேடம்."

"அப்ப இன்னிக்குப் போய்க் கேளுங்க."

அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஆறாவது பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"எந்த ஆறாவது பக்கம்?"

"என் கதைல."

அவன் தண்ணீர் குடித்தான். குடிக்கிறவனைக் குறுக்குவிசாரணை செய்யமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. டம்ளர் காலியாகும்வரை அவள் காத்திருந்தாள்.

"சண்டை" என்றான்.

"சண்டைல?"

"சண்டைல... சண்டைதான்."

"சோப்புத்தூள் இருந்துச்சு. நீங்க படிக்கிறீங்களான்னு பாக்க நான்தான் வச்சேன்."

"பொறி வச்சியா? நான் என்ன எலியா?"

"படிக்காமலே கண்ணு கலங்கற எலி."

"படிச்சேன். ரெண்டு பக்கம் படிச்சேன். மூணாவது பக்கத்துல அவன் வந்துடுவானே."

"எவன்?"

"புருஷன். உன் எல்லாக் கதையிலயும் மூணாவது பக்கத்துல ஒரு புருஷன் வருவான். ஒண்ணு குடிச்சிருப்பான், இல்லேன்னா உம்முன்னு உக்காந்திருப்பான். நான் குடிக்கிறதில்ல. அப்ப நான் யாரு? அவன் வந்ததும் மூடி வச்சிடுவேன்."

"அது கதைங்க. நீங்க இல்ல."

"போன கதைல அவன் காலர்ல கிரீஸ் இருந்துச்சே. அதுவும் கதையா?"

பிடிபட்ட எரிச்சலில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"லிஃப்ட் மேல போகுதா கீழ போகுதான்னு பாக்கறதத் தவிர உங்களுக்கு என்ன தெரியும்? கதையப் பத்திப் பேச வந்துட்டீங்க."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். தட்டைக் கழுவினான். கழுவிய தட்டை மறுபடியும் கழுவினான்.

"சோப்புத்தூள் நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவள் விரல்கள் நிற்காமல் ஓடின. ஜன்னல் போயிற்று, மழை போயிற்று, மௌனச் சுவர் போயிற்று. எலி, டம்ளர், காலர் கிரீஸ் எல்லாம் வந்து உட்கார்ந்தன. தான் சொன்ன ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாள். கதையில் அவன் தானாக எழுந்து தட்டைக் கழுவினான். மனைவி ஈரக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே அந்த மனைவிமேல் இரக்கம் பொங்கியது.

மாலையில் அவன் கையில் பையோடு வந்தான். பையை வாங்கிக்கொண்டு தாள்களைக் கொடுத்தாள்.

"இங்கயே படிங்க. பால்கனி வேணாம்."

அவன் நின்றபடியே படித்தான். மூன்றாவது பக்கத்தில் கொஞ்சம் தயங்கினான். பிறகு மேலே போனான். ஓரிடத்தில் மூக்கால் சிரித்தான். கடைசித் தாளைப் புரட்டிவிட்டு, மறுபடி அதற்கு முந்தைய தாளுக்கு வந்தான்.

"ஒரு வரி விட்டுப்போச்சு."

அவள் பையிலிருந்த சோப்புத்தூளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"பசியோட வந்தவன் பாதிச் சோத்துல எதுக்கு எந்திரிக்கிறான்? இப்பப் படிச்சா கிறுக்கன் மாதிரி இருக்கு."

"அதப் போட்டா படிக்கிறவங்க அவளத் திட்டுவாங்க."

"திட்டட்டுமே. அவன நீ இத்தன கதையா திட்டறியே."

அவள் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டாள். சாப்பாடு பரிமாறினாள். அவன் முழுதாகச் சாப்பிட்டான்.

புதன்கிழமை முதல் நோயாளி உள்ளே போனதும் லிஃப்ட் வரியைத் தட்டினாள். தட்டியபிறகு அதற்கு மேலே மனைவி பேசிய நல்ல வார்த்தைகள் சில பல் இளித்தன, அவற்றை அழித்தாள். ஈரக் கண்ணையும் எடுத்தாள். இப்போது கதை சின்னதாகிவிட்டது. அந்த மனைவியை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிறவன் அங்கே ஏன் நிற்கிறான் என்பது தெரிந்தது. ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அனுப்பினாள்.

மதியம் ஆசிரியை கூப்பிட்டார்.

"அடுத்த இதழ்ல வருது. சந்தோஷம்தானே? ஒரே ஒரு சந்தேகம். அந்த லிஃப்ட் வரி கொஞ்சம் குரூரமா இருக்கு. வாசகிங்க சண்டைக்கு வருவாங்க. எடுத்துடட்டுமா?"

மோட்டார் நின்றது. டாக்டர் எட்டிப் பார்த்தார். பட்டியலைத் திரைக்குக் கொண்டுவர அவளுக்குக் கை ஒழியவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வேணாம் மேடம். எடுத்தா எங்க வீட்ல கண்டுபிடிச்சிடுவார். இப்பல்லாம் கடைசி வரைக்கும் படிக்கிறார்."