ஹசன் அலிக்கு வைத்த தனித் தட்டு

1

கீழக்கரைப் பேருந்தில் என் முன் இருக்கைப் பெண் போனில் சொன்னாள்: "தனித் தட்டு வச்சதுக்கா மூஞ்சியத் தூக்கிவச்சிருக்காக?" அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அந்த ஒரு வரிதான் என் கையில் இருந்தது. மற்றதெல்லாம் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக இருந்தது. ஆனால் ஹசன் அலியின் மனம்…'

வேண்டாம். இந்தக் கதையில் கடலுக்கு வேலையே இல்லை.

2

சவூதியிலிருந்து விடுப்பில் வந்த ஹசன் அலி, மனைவி ஜுமானாவின் வீட்டில் முதல் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது அவர்கள் குடும்ப வழக்கம். விருந்தென்றால் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாக உண்பதும் வழக்கம். அன்று ஜுமானா அவர் முன்னால் மட்டும் புதுப் பீங்கான் தட்டு ஒன்றை வைத்தாள்.

மச்சினன் மஹ்மூது சஹனிலிருந்து தலை நிமிர்ந்தான். "என்ன மச்சான், பிளைட்டுல குடுக்குற மாதிரி உங்களுக்கு மட்டும் தனியா?"

"ஏலே, வாய மூடிட்டுத் தின்னு" என்றாள் ஜுமானா.

ஹசன் அலியும் சிரித்துவைத்தார். விரல்கள் சோற்றை அளைந்துகொண்டிருந்தன. என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாள் என்று நினைத்தார். வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் வந்திருந்தார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திரும்பி வருவாரா என்று கேட்டிருந்த கம்பெனிக்கு மாலை மஃரிப் தொழுகைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 'திரும்பி வருகிறேன்' என்று இடக்கையால் போனில் தட்டினார். அனுப்பவில்லை.

3

[இங்கே என் கல்லூரிப் பாடம் குறுக்கே வருகிறது. அறிதல்சார் உளவியல் சொல்வது இது: கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், மிச்சத்தை மனம் தன் பழைய அனுபவத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. பல நேரம் நம்மை வருத்துவது, நடந்ததற்கு நாம் கொடுத்த அர்த்தம். தட்டு ஹசன் அலியை ஒன்றும் செய்யவில்லை. ஜுமானாவின் மனம் மாறிவிட்டது என்று நீங்களும் இதற்குள் முடிவுகட்டியிருப்பீர்கள். நான் ஒரு தட்டைத்தானே காட்டினேன்?]

4

எனக்கும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. 'அவர் இல்லாமலே அவளுக்குப் பழகி' என்று எழுதினேன், அடித்தேன். பொய்யாகப் பட்டது. பிறகு அவள் நினைவில் ஒரு வீடியோ காலை வைத்தேன். போன நோன்பில் அவர் அலுத்துக்கொண்டது:

"ரூமுல அத்தன பேருக்கும் ஒரே தட்டு புள்ள. எனக்குன்னு ஒரு தட்டு வச்சு நிம்மதியாத் திங்கணும்."

அதற்காகத்தான் ராமநாதபுரம் போய் அந்தப் பீங்கான் தட்டைத் தேடி வாங்கி வந்தாள். சொன்னவருக்கு மறந்துபோயிற்று.*

* சொன்னவர் மறப்பதும் கேட்டவர் பொத்திவைப்பதும்தான் குடும்பக் கதைகளுக்கு மூலதனம். என் பிழைப்பே அதில்தான்.

5

மாமியார் வந்து சமாதானம் பேசலாம். என் பழைய வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்கு அலுத்துவிட்டது. ஹசன் அலி விமானம் ஏறியபின் ஜுமானா தட்டைப் பார்த்து அழலாம். எழுதமாட்டேன். இவர்களுக்கு வேண்டியது ஒரு கேள்வி. அதை ஜுமானாவே கேட்டுவிட்டாள்.

"ஏன் மச்சான் சோத்த அளைஞ்சுக்கிட்டு இருக்கீக? அதுக்குள்ள சவூதி நெனப்பா?"

பார்த்தீர்களா, அவளும் தன் பங்குக்கு ஓர் அர்த்தம் கொடுத்துவிட்டாள்.

அவர் வாய் திறந்தார். 'ஒண்ணுமில்ல' என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்தச் சொல்லால் கெட்ட குடும்பங்கள் போதும். அனுப்பாத செய்தி இன்னும் போன் திரையில் இருக்கிறது. கரண்டியைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். அன்று நீங்கள் சொல்லாமல் விட்டதை இவர் சொல்லட்டும். எழுதுங்கள்:

"ஜுமானா, …